ராத்தா ருசி பார்க்காத சமையல்

தொலைபேசி அடித்தபோது என் இரண்டு கையிலும் பன்றிக் கொழுப்பு. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பகல் சாப்பாட்டுக்கு ஆறு பேர் சொல்லியிருந்தார்கள். எலும்போடு வெட்டிய துண்டுகளுக்கு உப்பும் மிளகும் தடவிக்கொண்டிருந்தேன். பன்றி பட்ட கையால் வேறு எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் விடுதிக் குசினியின் பழக்கம். அதனால் அடிக்க விட்டேன். அடித்து நின்றது. மறுபடியும் அடித்து நின்றது. துண்டுகளை மூடி வைத்து, பின்பக்கக் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, பிறகுதான் எடுத்தேன். மர்ழியா ராத்தாவின் மகள் றிஸ்வானா.

“றெஜினா அன்ரி, உம்மா மௌத்தாயிட்டா” என்றாள்.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கதிரையில் வந்து இருந்தவர் அப்படியே ஒரு பக்கம் சரிந்துவிட்டாராம். டொக்டரிடம் கொண்டுபோக வான் வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எடுப்பார்கள் என்று சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அந்தக் கை கழுவும் பழக்கத்தை எனக்குப் பழக்கியவரே ராத்தாதான். அவர் போன செய்தி அதனாலேயே எனக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. என் மகள் எழுத்துப் பிழை பார்த்துத் தந்தாள். அக்காவை முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்; அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாம்புரியில் கடற்கரையோரம் இருக்கும் அந்த விருந்தினர் விடுதியில் அவரும் நானும் பத்து வருடம் ஒரே குசினியில் நின்றோம். பன்றி சமைக்கிற இடத்தில் வேலை செய்கிறவர் என்று அவருடைய ஊரில் அவரைப் பற்றி ஒரு கதை எப்போதும் இருந்தது. முகத்துக்கு முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கலியாண வீட்டில் அவர் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இரண்டு பேர் எழும்பிப் போவார்கள். அந்தக் கதையில் எவ்வளவு உண்மை, யாருடைய பிழை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் அது சரியாக வராது.

என்னை வேலைக்கு எடுத்ததே பன்றிக்காகத்தான். விடுதியை எடுத்து நடத்தியவர் நீர்கொழும்பைச் சேர்ந்த சிங்களப் பெண். நாங்கள் நோனா என்போம். காற்றடிக்கும் காலத்தில் வெளிநாட்டவர்கள் கடலில் பட்டம் பிடித்துப் பலகையில் ஓட வருவார்கள். “பட்டம் விடுறதுக்கு பிளேன் ஏறி வந்திரிக்காங்க. எங்கட புள்ளயள் விட்டா அடிக்கிறம்” என்பார் ராத்தா. அவர்களுக்கு ராத்தாவின் கணவாய்க் கறியும் இறால் பிரட்டலும் பிடித்துப் போயிருந்தது. ஆனால் சிலர் பன்றி இறைச்சி கேட்டார்கள். ராத்தா, நான் தொடமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். நோனாவுக்கு அவருடைய கையை விட மனமில்லை. ஆகவே பன்றிக்கென்று ஒரு ஆளைத் தேடினார். நாங்கள் வன்னியிலிருந்து வந்து எத்தாளையில் குடியிருந்தோம். என் கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பன்றி சமைக்கத் தெரியுமா என்று நோனா கேட்டார். ஓம் என்றேன். வன்னியில் காட்டுப்பன்றி சமைத்திருக்கிறேன். வறுத்த தூள் போட்டு இரண்டு மணித்தியாலம் அவிய விடுவோம். அதையே நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

முதல் நாள் நான் போனபோது ராத்தா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். குசினிக்கும் பின்பக்கத் தாழ்வாரத்துக்கும் இடையில் நிலத்தில் ஒரு கோடு கீறினார். தாழ்வாரத்தில் எனக்கென்று ஒரு காஸ் அடுப்பு, பொரிக்கிற ஒரு இரும்புத் தாச்சி, பலகை, கத்தி, அகப்பை. எல்லாவற்றின் பிடியிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கழுவுவதற்கும் வேறு குழாய். இதெல்லாம் ஒரு நாளும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து இங்கே நில், அங்கே நில் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டவள் நான். என்னோடு ஏதும் கோபமா என்று கேட்டேன்.

“உன்னோட எனக்கென்ன கோபம் புள்ள? கோடு இல்லாட்டி உன்னைக் கண்டா நான் விலகி ஓடணும். கோடு இரிந்தா பக்கத்துல நிண்டு கதைக்கலாம்” என்றார்.

அவரும் மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தான். கையில் ஒரு பையோடு தோணியில் வந்ததைப் பிறகொரு நாள் சொன்னார். அன்று சொல்லவில்லை.

நோனா கொடுத்த கடதாசியில் இருந்தது எலும்போடு சேர்ந்த பன்றித் துண்டும் பழ சோஸும். ஆங்கிலத்தில் இருந்ததை நோனா சிங்களத்தில் வாசிக்க, ராத்தா எனக்குத் தமிழில் சொன்னார். நான் கேட்டுவிட்டு எனக்குத் தெரிந்தபடி துண்டுகளை அவிய விட்டேன். முதல் ஆள் கத்தியால் அறுத்துப் பார்த்துவிட்டு பீங்கானைத் தள்ளி வைத்தார். செருப்புத் தோல் மாதிரி இருந்தது. அப்பிள் போட்டுச் செய்த சோஸ் பாயசம் மாதிரி. நோனா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் தாழ்வாரத்தில் குந்திக்கொண்டு அழுதேன்.

ராத்தா கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். “காட்டுப் பண்டியும் வீட்டுப் பண்டியும் எனக்கு ஒண்டுதான், ரெண்டும் ஹராம். ஆனா இறைச்சி எண்டா இறைச்சிதான். ஆர் உனக்கு அவிக்கச் சொன்ன? மாட்டிறைச்சி வாட்டுற மாதிரி வாட்டு” என்றார். மறுநாள் அவர் அந்தப் பக்கம் நிற்க, நான் இந்தப் பக்கம் நின்று வாட்டினேன். தாச்சி நன்றாகச் சூடான பிறகு துண்டைப் போட வேண்டும். போட்டபின் கையை வைக்கக்கூடாது. அவர் என் தாச்சியை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். தன்பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டு இருப்பார். திடீரென்று, “சத்தம் இறங்கிட்டு, திருப்பு” என்பார். திருப்பினால் அந்தப் பக்கம் பொன் நிறமாக இருக்கும். கொழுப்புள்ள ஓரத்தை நிமிர்த்திப் பிடித்து முதலில் அதை உருக்கினால் அதிலேயே மற்றது வாடும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். அதைச் சொன்னபோது, “ஓ, உனக்கும் மூளை இரிக்கி” என்றார். எனக்கு அது பெரிய பரிசு.

சோஸுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எங்கள் கடைகளில் அப்பிள் வந்தாலும் மாவாகப் போன அப்பிள்தான். ராத்தா ருசி பார்க்க முடியாது. நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இனிப்பாக இருக்கிறது என்றால் போதாது. நாக்கில் எங்கே பிடிக்கிறது, நுனியிலா ஓரத்திலா, விழுங்கின பிறகு தொண்டையில் என்ன நிற்கிறது என்று கேட்பார். இனிப்பு நுனியில் நிற்கிறது, கொழுப்பு தொண்டையை விட்டுப் போகவில்லை என்றேன். ராத்தா வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்திலிருந்து இரண்டு செங்காய் பிடுங்கிக்கொண்டு வந்தார். பழமும் இல்லாமல் காயும் இல்லாமல் இருக்கும் பருவம். சின்ன வெங்காயம், ஒரு துண்டு கறுவா, மாங்காய், புளிப்புக்குக் கொஞ்சம் வினாகிரி, இனிப்புக்கு ஒரு கரண்டி கித்துள் பாணி. தன் சட்டியில், தன் அடுப்பில், குழைய வைத்தார். அதை அவர் ருசி பார்க்கலாம், அதில் பன்றி இல்லைத்தானே. பிறகு கோட்டடிக்கு வந்து, என் கோப்பையில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். வாட்டின துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு அதே தாச்சியில் அதைக் கொட்டி, அடியில் பிடித்திருப்பதை அகப்பையால் சுரண்டிக் கலந்து, கடைசியில் பட்டர் போட்டேன். வாயில் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுப்பு இருந்த இடமே தெரியவில்லை.

“என்ன, சொல்லன்” என்றார்.

“சொல்லத் தெரியேல்ல ராத்தா.”

“அப்ப சரியா வந்திட்டு” என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சாப்பாட்டுக்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாங்காய் இல்லாத காலத்தில் அன்னாசி, அதுவும் இல்லாவிட்டால் விளாம்பழம். ஒரு நாள் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் குசினிக்கே வந்துவிட்டார். சமைத்தவருக்குக் கை கொடுக்க வேண்டுமாம். என் கை முழுக்கக் கொழுப்பு. ராத்தா ஆம்பிளைகளுக்குக் கை கொடுப்பதில்லை. நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். சோஸ் செய்தது இவர், ஆனால் இவர் பன்றித் துண்டோடு அதைச் சாப்பிட்டதே இல்லை என்று நோனா விளங்கப்படுத்தினார். அந்த மனிதர் நம்பவில்லை. ருசி பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டார். ராத்தா சிரித்துக்கொண்டு எனக்குத் தமிழிலும் நோனாவுக்குச் சிங்களத்திலும் சொன்னதை நோனா மொழிபெயர்த்தார்: “காதால கேட்டிரிக்கன், மூக்கால மணந்திரிக்கன். நாக்கை இவட்டக் குடுத்து வச்சிரிக்கன்.”

அவருடைய ஊரில் கதை தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். பெயர் வெளியே போனால் கதையும் கூடவே போகும் போலிருக்கிறது. அவருடைய அண்ணன், ராத்தா நானா என்பார், ஊரில் மதிப்பான மனிதர், பள்ளிவாசல் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். அவரிடமும் ஆட்கள் போய்ச் சொன்னார்கள். ராத்தா ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான் சொல்லுவார்: நான் தொடவும் இல்லை, என் வாயில் படவும் இல்லை. கணவர் இல்லாத மனுசி, மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லை நான்தான் பொய்யாக்கினேன்.

இயேசு பிறந்த நத்தாருக்குக் கிட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. விடுதி நிறைய ஆட்கள். கடைசி இரண்டு பீங்கானுக்கு மாங்காய்க் கலவை காணாமல் போய்விட்டது. ராத்தா சாமான் அறையில் மத்தியான லுஹர் தொழுதுகொண்டிருந்தார். அவருடைய சட்டியில் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியும். தாச்சி காய்ந்துகொண்டிருக்கிறது, நோனா முன்னாலிருந்து கூப்பிடுகிறார். நான் கோட்டைத் தாண்டிப் போய், கையில் இருந்த என் அகப்பையாலேயே ஒரு தரம் அள்ளினேன். அள்ளின பிறகுதான் பிடியில் சிவப்புத் துணியைப் பார்த்தேன்.

இதை முடித்துவிட்டு வந்து அந்தச் சட்டியைக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். பீங்கான் இரண்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ராத்தா தொழுது முடித்து வந்து, அந்தச் சட்டியிலிருந்து கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பாணி கொஞ்சம் கூடிட்டு, என்ன?” என்று கேட்டார்.

“ஓம் ராத்தா” என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தட்டுப்பட்ட மாதிரி அந்தச் சட்டியைச் சரித்து விட்டேன். மிச்சம் எல்லாம் நிலத்தில் போனது. ராத்தா என்னை ஏசவில்லை. களைத்துப் போனாய், போய்க் கொஞ்சம் இரு, நான் வேறு வைக்கிறேன் என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்தேனோ தெரியாது.

சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு நியாயம் நிறைய இருந்தது. அவருக்குத் தெரியாது, தெரியாததால் பாவம் இல்லை. சொன்னால் வேலையை விட்டுவிடுவார். அவர் போனால் எனக்கும் வேலை இல்லை. அவருடைய மகளின் கலியாணம் கெட்டுப் போகும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். நான் சொல்ல வேண்டிய ஆள் உள்ளே இருக்கிற சுவாமி இல்லை என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது. வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில், அவர் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். எந்தச் சட்டி, எந்த அகப்பை, அவர் எப்போது வாயில் வைத்தார், பிறகு நான் எப்படிச் சரித்தேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றடிக்குப் போனார். சுத்தமான இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துத் தண்ணீரில் கலந்து வாய் கொப்பளித்தார். பிறகு வெறும் தண்ணீரால் ஆறு தரம்; பன்றி பட்டால் ஒரு தரம் மண்ணோடு சேர்த்து ஏழு தரம் கழுவுவது அவர்களுடைய முறை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, பஸ் எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த நாலு நாளும் வரவில்லை. நோனா கேட்டபோது வீட்டில் ஏதோ வேலை என்று சொன்னேன். அதுவும் பொய்தான். மீன் கறி, இறால், எல்லாம் நானே சமைத்தேன். இனி அவர் வரமாட்டார் என்று முடிவு செய்து, நானும் நிற்பதில்லை என்று நோனாவிடம் சொல்ல இருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ராத்தா வந்தார். வந்தவர் சேலைக்கு மேல் துணியைக் கட்டிக்கொண்டு, தன்னுடைய சட்டி பானை எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டு போகச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஏழு தரம் கழுவினார், ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். எந்தச் சட்டியில் பட்டது, எதில் படவில்லை என்று பிரிக்க முடியாதே, எல்லாம் ஒன்றாகத்தானே அடுக்கியது. மத்தியானம் வரை அதுவே வேலை. கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கதைத்தார்.

“நீ அகப்பையைப் போட்டது ஒரு நிமிசப் பிழை. ஏழு தரம் வாய் கழுவினன், அது போச்சு. நீ வாயைப் பொத்திக்கொண்டு இரிந்த மூணு நாளும் நான் அந்த வாயோட தொழுதன் புள்ள. மௌலவிட்டக் கேட்டு, பதினாலு வக்துத் தொழுகையையும் திருப்பித் தொழுதன். முழங்கால் வீங்கிப் போச்சு.”

நான் அவருடைய காலைப் பார்த்தேன். உண்மையாகவே வீங்கித்தான் இருந்தது.

“இனி என்ன நடந்தாலும் அண்டைக்கே சொல்லு. பயமா இரிந்தாலும் சொல்லு. அழுதுகொண்டெண்டாலும் சொல்லு” என்றார். பிறகு எழும்பிப் போய் மாங்காய் வெட்டத் தொடங்கினார்.

அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கதைத்ததே இல்லை. கோபத்தில் ஒரு நாளும் எடுத்துச் சொல்லிக் காட்டியதும் இல்லை. ஆனால் ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதிலை மட்டும் மாற்றிக்கொண்டார். என் வாயில் படவில்லை என்று பிறகு அவர் சொல்லி நான் கேட்கவில்லை. நான் அறிந்து தொட்டதில்லை என்று மட்டும் சொல்லுவார். அந்த ஒரு சொல் கூடியதற்கு ஊரார் என்னென்ன அர்த்தம் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். என்னால்தான் அந்தச் சொல் கூடியது.

ஒரு வருடம் ஈஸ்டருக்கு முன் வரும் எங்கள் தபசுகாலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் பன்றித் துண்டு கேட்டுவிட்டார்கள். தபசுகால வெள்ளியில் நான் இறைச்சி வாயில் வைக்கமாட்டேன். ராத்தாவுக்கு நோன்பு, தண்ணீரே கிடையாது. சமைக்கிறது இரண்டு பேர், ருசி பார்க்க ஒரு நாக்கும் இல்லை. நோனாவுக்குச் சொன்னால் பயந்துவிடுவார் என்று சொல்லவில்லை. ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கோட்டடியில் நின்றார். சத்தம் கேட்டார், மணம் பிடித்தார். வினாகிரி இன்னும் ஒரு சொட்டு, இப்போது பட்டர், இறக்கு என்றார். நான் சொன்னபடி செய்தேன். எட்டுப் பீங்கானும் துடைத்த மாதிரித் திரும்பி வந்தது. “ருசி பார்க்கிறதே வீண் வேலை போல இரிக்கி” என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில், நோன்போடு இப்படிச் சிரித்தால் தாகம் எடுக்கும் என்று நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒளித்து வைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கால் முடியாமல் வேலையை விட்டார். அதற்குப் பிறகும் சோஸில் சந்தேகம் வந்தால் அவருக்குத் தொலைபேசி எடுப்பேன். தாச்சிக்குக் கிட்ட வைக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்பார். நெருப்பைக் குறை என்பார், குறைத்தால் சரியாகும். கடைசியாகக் கதைத்தது இறப்பதற்கு முதல் கிழமை. பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது, என்னைத்தான் முதலில் கடித்தான் என்று சந்தோசமாகச் சொன்னார்.

அன்று நான் குளித்து, உடுப்பு மாற்றி, நுரைச்சோலைப் பக்கம் அவருடைய வீட்டுக்குப் போகும்போது உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரி இருந்தார். அசருக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் அடக்கிவிட்டுத் திரும்பி வந்து விறாந்தையில் இருந்தார்கள். நான் றிஸ்வானாவிடம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். அங்கே அவர்களுடைய சொந்தத்தில் ஒரு வயதான பெண் என்னை மறித்தார்.

“நீதானே அவளோட அங்க வேல செஞ்சவ? அந்தச் சாமான அவள் தொட்டதே இல்லையா? உண்மையச் சொல்லு.”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டாரா, இல்லை என்று நான் சொல்லக் கேட்டு மனம் ஆற நினைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விறாந்தையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. மண் போட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது சொல்லாத பொய்யை அவருடைய வாசலில் நின்று நான் சொல்வதா?

“அவ ஒருநாளும் தொடேல்ல” என்றேன். “ஒருக்கா அவவுக்குத் தெரியாம வாயில பட்டது. என்ர அகப்பையை அவவின்ர சட்டியில நான் போட்டனான். மூண்டு நாள் சொல்லாமல் இருந்ததும் நான்தான். அவவில ஒரு பிழையும் இல்ல.”

அடக்கம் முடிந்த வீட்டில், அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், நானே அவருடைய பெயரைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். விறாந்தையில் கதிரையில் இருந்த அவருடைய நானா எழும்பி வந்தார்.

“அது எனக்குத் தெரியும்” என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து. “அந்தக் கிழமையே வந்து என்னட்டச் சொன்னவள். நான்தான் மௌலவிட்டக் கூட்டிக்கொண்டு போன.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆர் செஞ்சது எண்டு எத்தின தரம் கேட்டன். வாய் திறக்கல்ல. வேலைய விடு எண்டன். என்ன சொன்னவள் தெரியுமா? ‘அந்த ஆள் வந்து சொல்லாட்டி எனக்கு இது தெரியவே வந்திரிக்காது நானா. தானா வந்து சொன்ன ஆளை விட்டுப் போட்டு, சொல்லாத ஆக்களோட போய் வேல செய்யவா?’ எண்டு கேட்டவள். அதுக்குப் பிறகு வேலைய விடச் சொல்லி நான் கேக்கல்ல.”



“அப்ப அது நீங்கதானா” என்றார்.

“ஓம் நானா.”

“இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று சொல்லிவிட்டு, தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். என்னை மறித்த அந்த வயதான பெண்தான் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தார்.

அந்தச் சமையல் விடுதியில் இன்னும் நடக்கிறது. செங்காய் மாங்காயும் பாணியும் இருந்தால் யாரும் செய்யலாம். எழுதிக் கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ராத்தாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றுதான். நேற்று நாலு துண்டைக் கருக விட்டுவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. எறிந்துவிட்டு வேறு போட்டிருக்கலாம். நோனாவிடம் போய், கவனமில்லாமல் நான்தான் கருக விட்டேன் என்று சொன்னேன். சொல்லப் போகும்போது இந்த வயதிலும் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லி முடித்த உடனே போய்விடுகிறது. அன்று அகப்பையைப் போட்ட பிறகு மூன்று நாள் அந்தப் பயம் போகவே இல்லை.